மேகவீரன் கண் திறந்த இடம்

"ஹலோ... கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுப் படம் பாக்குறீங்களா?"

பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள் ஜோதி. பக்கத்து சீட்டுக்காரன் திரும்பினான். திரையின் நீல வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்து நகர்ந்தது. சண்டைக்கு வருவான் என்று நினைத்தாள். அவனோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி லேசாகச் சிரித்தான்.

"சாரிங்க... மெதுவாத்தான் பேசுறேன். இன்னும் மெதுவாப் பேசுறேன்."

பேசாமல் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை, பாருங்கள்! இன்னும் மெதுவாகப் பேசுவானாம்...

'மேகவீரன்' இரண்டாம் பாகம் வெளியான முதல் நாள் அது. தீபாவளிக் கூட்டம். விசிலும் கைத்தட்டலுமாகத் திருச்சித் தியேட்டரே கிடுகிடுத்துக்கொண்டிருந்தது. ஜோதி படம் பார்க்க வரவில்லை. படத்தை அவள் எத்தனையோ தடவை பார்த்துவிட்டாள். அதன் எடிட்டரே அவள்தான். ஒரு வருஷமாகச் சென்னையில் ஜன்னல் இல்லாத ஒரு அறையில் உட்கார்ந்து, வெட்டி, ஒட்டி, மறுபடி வெட்டி... இன்றைக்கு அவள் வந்தது ஜனங்களைக் கேட்க. எங்கே சிரிக்கிறார்கள், எங்கே மூக்கை உறிஞ்சுகிறார்கள் என்று காதால் கேட்க. அதற்காகவே சொந்த ஊருக்கு வந்து, ஸ்ரீரங்கத்து வீட்டில் பையைப் போட்ட கையோடு ஓடி வந்திருந்தாள்.

முதல் பாகம் முழுக்கச் சிரிப்பு. தண்ணீர் லாரி ஓட்டுகிற சுந்தரத்துக்குத் திடீரென்று பறக்கும் சக்தி வருகிறது. ஆனால் பாவம், உயரம் என்றால் அவனுக்குப் பயம். கண்ணை இறுக்க மூடிக்கொண்டே பறப்பான். செல்போன் டவரில் மோதுவான், கோழிக் கூண்டில் விழுவான். ஊரே சிரித்தது.

இரண்டாம் பாகத்தில் அவனுடைய அப்பா இறந்துபோகிறார். சிக்கல் அங்கேதான். சிரிக்கலாம் என்று வந்த கூட்டத்தை அழ வைக்க வேண்டும். அழுகிறவர்கள், ஐயோ சற்றுமுன் சிரித்தோமே என்று கூசவும் கூடாது. டைரக்டர் சித்தார்த்தன் அழகாக எழுதிவிட்டார். தராசு ஜோதியின் கைக்கு வந்தது. கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்தால் கேலிக்கூத்து... கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தால் ஒப்பாரி.

இதோ, அந்த இடம் வருகிறது. ஜோதி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் மறுபடியும் அந்தக் கிசுகிசுப்பு!

"ஊருக்குள்ள வெள்ளம் வந்துருச்சுக்கா... அவனோட பறக்குற டிரெஸ் கொடியில நனைஞ்சு தொங்குது. வேற வழியில்லாம அப்பா சட்டையை எடுத்து மாட்டுறான். தொளதொளன்னு இருக்கு... குதிச்சுட்டான்! ஐயோ, காத்து உள்ள பூந்துருச்சு. சட்டை பலூன் மாதிரி உப்பி, மூஞ்சியை மூடி... போச்சு, தென்னமரத்துல மோதிட்டான்!"

தியேட்டர் வெடித்துச் சிரித்தது. அவனுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணும் கைதட்டிச் சிரித்தாள். அப்போதுதான் ஜோதி அவளை நன்றாகப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகம் திரையை நோக்கியே இல்லை. கூரையைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. மடியில் ஒரு வெள்ளைக் கைத்தடி, மடித்து வைத்தபடி.

ஜோதிக்குச் சுருக்கென்றது. இவரையா வாயை மூடச் சொன்னேன்...

திரையில் சத்தம் அடங்கியது. வசனம் கிடையாது. இசையும் கிடையாது. இசை வேண்டும் என்று எல்லோரும் சொன்னபோது, வேண்டாம் என்று எடுத்தெறிந்தவள் ஜோதிதான். காற்றில் அந்தச் சட்டை படபடக்கிற ஓசையை மட்டும் விட்டு வைத்திருந்தாள்.

"மரத்து உச்சியில உக்காந்திருக்கான்... மூஞ்சியில கெடக்குற சட்டையை இறக்குறான்... இல்ல, இறக்கல..." அவன் குரல் தடுமாறியது. "காலரை மூக்குக்கிட்டயே வெச்சிருக்கான்க்கா. மோந்து பாக்குறான்."

அந்தப் பெண்ணின் உதட்டில் சிரிப்பு இன்னும் அப்படியே இருந்தது. கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே முகத்தில்!

"ஒவ்வொரு பட்டனா போடுறான். எழுந்திரிக்கிறான். பறக்கப்போறான்... அக்கா..." அவன் அவள் கையை இறுகப் பிடித்தான். "கண்ணைத் திறந்துட்டான்க்கா. கண்ணைத் திறந்துக்கிட்டே பறக்குறான்!"

ஜோதி திரையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நனைந்த இமைகள்... அதில் சின்னச் சின்னதாகத் திரையின் வெளிச்சம். தான் வெட்டி ஒட்டிய காட்சியை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு.

*

படம் விட்டு வெளியே வந்தால் மழை. சும்மா மழையில்லை, ஐப்பசி மழை. தியேட்டர் வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக ஒதுங்கி நின்றாள் ஜோதி. கம்மல் ஓரம் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் கோவமா இருக்கீங்களா?"

அவன்தான். தோளைப் பிடித்தபடி அந்தப் பெண்.

"ஐயோ, நான்தான் சாரி சொல்லணும். எனக்குத் தெரியலங்க..."

"இவன் தொணதொணப்பு யாருக்குத்தான் பிடிக்கும்?" அந்தப் பெண் குறுக்கே வந்தாள். "எனக்கு வேற வழியில்ல, சகிச்சுக்கிறேன். நான் கேத்தரின். பேங்க்ல வேலை. இது என் தம்பி ஆஸ்டின், பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்ல இருக்கான். இவங்கப்பா வேலை இவனுக்கு வந்துச்சு."

"இவங்கப்பாவா? உனக்கும் அவர்தானே அப்பா!"

"இருந்தா என்ன? வேலை உனக்குத்தானே வந்துச்சு!"

ஜோதி சிரித்துவிட்டாள். ஆஸ்டின் அந்தச் சிரிப்பைப் பார்த்தான். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தான். பெரிய கண்கள்... தூங்காத கண்கள் மாதிரி ஓரத்தில் கருமை. ஆனால் சிரிக்கும்போது விளக்குப் போட்ட மாதிரி... 'டேய் ஆஸ்டின், வாயை மூடு' என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றான். "நீங்க படத்தையே பாக்கலியே? திரும்பித் திரும்பி ஜனங்களைத்தான் பாத்தீங்க."

"அப்ப நீங்களும் படத்தைப் பாக்கல. என்னைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க!"

அவன் காது சிவந்தது. "மாட்டிக்கிட்டியா?" என்று கேத்தரின் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "நீ என்னம்மா பண்ற?"

ஜோதி ஒரு கணம் தயங்கினாள். இந்தப் படத்தை எடிட் பண்ணினவள் என்று சொன்னால், மரியாதைக்காக நாலு நல்ல வார்த்தை வரும். அவளுக்கு உண்மை வேண்டியிருந்தது.

"சென்னையில... கம்ப்யூட்டர் வேலைக்கா. வீடு ஸ்ரீரங்கம். பேரு ஜோதி."

"அந்தச் சட்டை சீன் எப்படிம்மா?" கேத்தரின் கேட்டாள். "சத்தம் இல்லாம அந்தத் துணி மட்டும் படபடன்னு... அதை யோசிச்சவங்க யாரோ, அவங்க நல்லாயிருக்கணும்."

மழைக்கு நன்றி. ஜோதி முகத்தைத் துடைத்துக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை... ஆஸ்டினைத் தவிர.

*

ஒரு போன் நம்பர். அப்புறம் ஒரு குட்மார்னிங். அப்புறம், 'சாப்டாச்சா?' இப்படித்தான் ஆரம்பித்தது. 'மழை விட்டாச்சா அங்க?' என்று பொன்மலையிலிருந்து கேட்பான். ஆற்றைத் தாண்டினால் வேறு நாடு என்கிற மாதிரி!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்காவும் தம்பியும் ஸ்ரீரங்கத்துக்கு வந்தார்கள். அம்மா மண்டபத்துப் படிக்கட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிட்டார்கள். காவிரி கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படத்துக்கு இன்னொரு தடவை போக வேண்டும் என்றாள் கேத்தரின்.

"அவ்வளவு பிடிச்சுதாக்கா?"

கேத்தரின் கையிலிருந்த கடலையை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"எங்கப்பாவை அடக்கம் பண்ற அன்னிக்கு... கல்லறையில ஃபாதர் ஜெபம் சொல்ல ஆரம்பிச்சாரு. மைக் 'கீ...'ன்னு கத்துச்சு பாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சும்மா. அடக்கவே முடியல. சத்தமா சிரிச்சுட்டேன். சொந்தக்காரங்க எல்லாம் என்ன நினைச்சிருப்பாங்க... பெத்த அப்பனைப் புதைக்கிறப்ப சிரிக்கிறாளேன்னு. எனக்கே என்னைப் பிடிக்காமப் போச்சு. இவன்கிட்ட கூட நான் சொன்னதில்ல."

ஆஸ்டின் சட்டென்று அக்கா பக்கம் திரும்பினான்.

"அன்னிக்குத் தியேட்டர்ல அவ்வளவு பேரும் சிரிச்சாங்க. உடனே எல்லாரும் அமைதியாயிட்டாங்க. என்னைச் சுத்தி எல்லாரும் அழறது கேட்டுச்சு. அப்பதான் தோணிச்சு... சிரிப்பும் அழுகையும் பக்கத்துப் பக்கத்து வீடுதான் போல. நான் ஒண்ணும் கெட்டவ இல்ல."

ஜோதிக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. சொல்ல வாயெடுத்தாள். போன் அடித்தது. டைரக்டர் சித்தார்த்தன்!

கொஞ்சம் தள்ளிப் போய் எடுத்தாள்.

"ஜோதி, சொன்னா கோவப்படாத. சட்டை சீன்ல அந்த அமைதியைத் தூக்கச் சொல்றார் புரொடியூசர். அந்த நேரத்துல ஜனம் போனை நோண்டுதாம். ஃப்ரெண்டு கேரக்டரை வெச்சு ஒரு ஜோக் டப் பண்ணி அனுப்புறேன். கீழ மியூசிக்கைப் போட்டு முடிச்சு விடு."

"சார்... படத்துக்கு உசுரே அதுதான் சார்!"

"எனக்குத் தெரியாதா? ரெண்டு நாளாச் சண்டை போட்டுட்டேன். அடுத்த படமும் இதே கம்பெனிதான், உனக்கும் எனக்கும். பாத்துக்க."

அவள் திரும்பி வந்தபோது ஆஸ்டின் எழுந்து நின்றான். "என்னங்க ஆச்சு? முகமே சரியில்ல."

"ஒண்ணுமில்லங்க. ஆபீஸ்."

மறுநாள் காலை, ஸ்ரீரங்கத்து வீட்டின் மாடியறையில், லேப்டாப்பைத் திறந்து, அந்த அமைதியை ஜோதி தன் கையாலேயே வெட்டினாள்.

*

"வரமாட்டேன்னா விடமாட்டேன். டிக்கெட் போட்டாச்சு" என்றாள் கேத்தரின். எத்தனையோ சாக்குச் சொல்லிப் பார்த்தாள் ஜோதி. நடக்கவில்லை. இந்தத் தியேட்டரில் இன்னும் வெட்டாத பழைய படமே ஓடிக்கொண்டிருக்கும் என்று ஒரு நப்பாசை...

"இப்ப வரும்க்கா" என்றான் ஆஸ்டின். "மரத்துல மோதிட்டான்... சட்டையை இறக்குறான்..."

'தம்பி, சட்டை என்ன சைஸ்? குடும்பமே உள்ள குடியிருக்கலாம் போல!' திரையில் நண்பன் கத்தினான். தாரை தப்பட்டை முழங்கியது. நாலைந்து பேர் சிரித்தார்கள். மேகவீரன் பறந்து போய்விட்டான்.

கேத்தரின் இருட்டில் தம்பியின் கையைத் தேடினாள். "என்னடா... அது எங்க? அந்தச் சட்டைச் சத்தம்?"

"இல்லக்கா. எடுத்துட்டாங்க போல."

"ஓ..." என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்த ஜோக்குக்கும் அவள் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் ஆஸ்டின் பொரிந்தான். "எவன் இதை வெட்டினான்? கையில கத்திரி இருந்தா எதை வேணா வெட்டிடுறதா?"

"நான்தான் வெட்டினேன்."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"இந்தப் படத்தோட எடிட்டர் நான்தான். அந்த அமைதியை வெச்சதும் நான்தான். எடுத்ததும்... நான்தான்."

"எடிட்டர்னு மறைச்சது கூடப் பரவால்லங்க. அன்னிக்கு ஆத்தங்கரையில அக்கா மனசைத் திறந்து அவ்வளவு சொன்னா. கேட்டுட்டுப் போய் வெட்டினீங்களா?"

அவன் கேட்டது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் அவளுக்குச் சுட்டது. சுட்டதும் ரோஷம் வந்துவிட்டது.

"சினிமாவைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? எத்தனை பேர் பொழப்பு இருக்கு இதுல! ஒருத்தருக்காகவெல்லாம் படம் எடுக்க முடியாது!"

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த ஒருத்தர் பக்கத்திலேயே நிற்கிறார்...

"சரிதான்ம்மா" என்றாள் கேத்தரின், கோபமே இல்லாமல். கைத்தடியை விரித்தாள். "வாடா, போலாம்."

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்வரை ஜோதி அழுதாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்...

*

அடுத்த நாள் சென்னையில், எடிட்டிங் அறைக்குள் வந்த சித்தார்த்தன் திரையைப் பார்த்துவிட்டு, "என்ன ஜோதி, மானிட்டர் ஆஃப்ல இருக்கு?" என்றார்.

"ஆஃப்லயே இருக்கட்டும் சார். கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. ரெண்டையும் கேளுங்க."

முதலில் புதியது. நண்பனின் ஜோக், தாரை தப்பட்டை. சித்தார்த்தன் முகத்தில் எதுவும் அசையவில்லை. அடுத்து பழையது. மோதல்... மரக்கிளை முறிகிற சத்தம்... அதன்பின் காற்று. காற்றில் ஒரு சட்டை.

காட்சி முடிந்தும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நான் இதைத்தானே எழுதினேன்" என்றார் கடைசியில்.

"ஆமா சார். இதுக்காகத்தான் ஒரு வருஷம் தூங்காம வேலை பாத்தேன். ஜனங்க போனைப் பாக்குறாங்கன்னு சொல்றாங்களே... பாதிப் பேர் கண்ணைத் துடைக்கத் தலையைக் குனியறாங்க சார். நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன்."

"புரொடியூசர் ஒத்துக்கலன்னா? அடுத்த படம் உன் கையை விட்டுப் போயிடும்."

"போகட்டும் சார்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பெருமையா, கவலையா என்று தெரியவில்லை. "வா. ரெண்டு பேரும் சேர்ந்தே போய்த் திட்டு வாங்குவோம்" என்று எழுந்தார்.

திட்டு நிறையவே விழுந்தது. மதியம் வரை கத்தினார் புரொடியூசர். அவரையும் கண்ணை மூடிக் கேட்க வைத்தார்கள். கேட்டு முடித்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஏசி ஜாஸ்தியா இருக்கு" என்றார். வெள்ளிக்கிழமையிலிருந்து எல்லாத் தியேட்டரிலும் பழைய காட்சியே திரும்பியது. சில ஊர்களில் அப்போதும் போனை நோண்டத்தான் செய்தார்கள். ஆனால் அந்தச் சட்டையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள்.

ஆஸ்டினுக்கு ஜோதி மெசேஜ் போடவில்லை. எத்தனையோ முறை எழுதி எழுதி அழித்தாள். இது மெசேஜில் சொல்கிற விஷயமில்லை...

*

சனிக்கிழமை. பொன்மலை ஒர்க்ஷாப்பில் சங்கு ஊதியது. கேட் திறந்ததும் சைக்கிளும் பைக்குமாகக் கூட்டம் பொங்கி வந்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கேட்டுக்கு எதிரே மரத்தடியில், துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஒற்றைப் பெண்ணாக ஜோதி நின்றாள். போகிற ஒவ்வொரு பைக்கும் வேகம் குறைத்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது அவளுக்கு.

ஆஸ்டின் சட்டென்று பிரேக் போட்டான். பின்னால் வந்தவர் இடிக்காமல் தப்பித்தது பெரிய விஷயம்.

"நீங்க... இங்க...?"

"பேசணும்."

கிரீஸ் படிந்த கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தான். இரண்டு பேருமே மழையைப் பார்த்தார்கள்.

"அந்தச் சீன் திரும்ப வந்துருச்சுன்னு கேள்விப்பட்டதும் அக்கா நேத்தே படத்துக்குப் போயிட்டு வந்துட்டா" என்று அவனே தொடங்கினான். "என்னைக் கூப்பிடல. பேங்க் ஃப்ரெண்டோட போனா. அந்த இடத்துல ஃப்ரெண்டு ஏதோ சொல்ல வந்தாங்களாம். 'நீ சும்மா இரு, எனக்கு எல்லாம் கேக்குது'ன்னு சொல்லிட்டாளாம். வந்ததும் அம்மாவைக் கூட்டி வெச்சு அந்த மைக் கதையைச் சொன்னா. ரெண்டு பேரும் சிரிச்சு, அழுது... வீடே ஒரு மாதிரி ஆயிடுச்சுங்க."

ஜோதியின் கண் நிறைந்தது.

"நீங்க செஞ்சது சாதாரண வேலை இல்ல" என்றான் அவன். "உள்ள ஒரு கோச்சையே பிரிச்சுப் போட்டு மாட்டுறோம் நாங்க. எது எங்க இருக்கணும்னு எங்களுக்கு வரைபடம் இருக்கு, அளவு இருக்கு. மனுஷன் எங்க சிரிக்கணும், எவ்வளவு நேரம் சும்மா இருக்கணும்னு... அதுக்கு என்னங்க அளவு? எப்படித்தான் கண்டுபிடிச்சீங்களோ! அதைத் தெரிஞ்சுக்காம அன்னிக்கு நடுரோட்டுல கத்துனேன். மன்னிச்சுருங்க."

"இல்ல ஆஸ்டின். நான் சொன்னதுதான் தப்பு. அக்காகிட்ட நேர்ல வந்து மன்னிப்புக் கேக்கணும்."

"அதுக்காகத்தான் ஸ்ரீரங்கத்துலேருந்து இவ்வளவு தூரமா? அக்கா நம்பர்தான் இருக்கே உங்ககிட்ட."

அவள் தலையைக் குனிந்தாள். நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து ஒரு துளி உருண்டு மூக்கு நுனியில் நின்றது. 'துடைத்துக்கொள்ளக்கூடத் தெரியாமல் நிற்கிறாளே...' என்று நினைத்தான் அவன்.

"அதுக்காக இல்ல" என்றாள், காற்றில் கரைகிற குரலில். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. சொல்லாமயே சென்னைக்குப் போயிடலாம்னு பாத்தேன்... முடியல."

பின்னால் ஹாரன் அலறியது. அவனோடு வேலை பார்க்கிற ஹாலித். "ஆஸ்டின்! குடை வேணுமாப்பா? இல்ல, நனையுறதே நல்லாருக்கா?"

"போயிருங்கண்ணே, புண்ணியமாப் போகும்!"

சிரித்துக்கொண்டே அவர் போனதும், ஆஸ்டின் தொண்டையைச் செருமினான்.

"எங்கம்மா பாக்கியமேரி மாதா கோயில் பூசையை ஒரு நாள் தவற விட்டதில்ல. உங்க வீட்ல...?"

"எங்கப்பா ரத்தினவேல் முதல்ல கத்துவாரு. அப்புறம் 'பையன் சாப்பிட்டானா'ன்னு கேப்பாரு. கத்தறதுக்கும் கேக்கறதுக்கும் நடுவுல ஒரு மாசம் ஆகலாம்."

"ஒரு மாசமா? ஒரு வருஷம்னாலும் வாசல்லயே நிப்பேன்."

"இன்னும் நீங்க ஒண்ணுமே சொல்லல" என்றாள் ஜோதி, நிமிர்ந்து. அந்தப் பெரிய கண்கள் அவனை நேராகப் பார்த்தன.

மழை வலுத்தது. கேட்டில் கூட்டம் கலைந்திருந்தது. அவன் ஒரு அடி முன்னால் வந்தான். அத்தனை நாள் போட்ட 'நீங்க'வும் 'வாங்க'வும் எங்கே போயினவோ தெரியவில்லை.

"எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு, ஜோதி..." என்றான்.